சுகந்தி எழுதிய, நான் நீக்கிய மூன்று வரிகள்

கருங்கல் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்ற மாலையில் அந்த அழைப்பு வந்தது. நெய்யூரில் சுகந்தி அவர்களின் அடுத்த வீட்டில் இருக்கும் லில்லி பேசினார்.

"சாரே, சுகந்தியக்கா போயிட்டாவ. நேத்து சர்ச்சுக்கு வரல்ல. காலைல கதவத் தட்டுனா சத்தமே இல்ல. ஆளக் கூட்டி ஆஸ்பத்திரிக்கு எடுத்தோம். ஒண்ணும் ஆவல்ல."

மீன் பையை அங்கேயே விட்டுவிட்டு வண்டியை எடுத்தேன்.

ஊரில் அவரை நர்ஸம்மா என்றே அறிவார்கள். வளைகுடாவில் பல வருடம் நர்ஸாக இருந்து, கணவர் இறந்த பிறகு ஊர் திரும்பியவர். நாகர்கோவிலில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் எண்களை வரைபடமாக்கும் மென்பொருள் செய்கிறோம். அதற்குக் கையேடு எழுத ஆள் தேடியபோது வந்தார். "கம்ப்யூட்டர் அவ்வளவா தெரியாது சாரே. டூட்டி மாறும்போ அடுத்த நர்ஸுக்கு எழுதி வைக்கத் தெரியும். நான் வீட்டுக்குப் போயிட்டா அவ என்கிட்ட கேக்க முடியாதுல்லா" என்றார். அந்தப் பதிலுக்காகவே வேலை கொடுத்தேன்.

பிறகு காலம் மாறியது. மனிதர்களைவிட ஏஐ ஏஜென்டுகளே எங்கள் மென்பொருளை அதிகம் இயக்கத் தொடங்கின. ஒருவர் படம் போட்டுத் தரச் சொன்னால், ஏஜென்ட் எங்கள் கையேட்டைப் படித்து வரைந்து கொடுத்துவிடும். கையேட்டில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே செய்யும். எனவே முழுக் கையேட்டையும் அதற்கேற்பத் திரும்ப எழுதினார் சுகந்தி. ஒவ்வொரு பக்கத்தையும் முடித்ததும் ஏஜென்டிடம் கொடுத்து வரையச் சொல்வார். தப்பாக வந்தால் அதைக் குறை சொல்ல மாட்டார், தன் வாக்கியத்தை அடித்து எழுதுவார். "உங்க பிள்ள இன்னிக்குச் சொன்ன பேச்சு கேட்டுச்சா?" என்று கேலி செய்வேன். "உங்க கேலி கொள்ளாம் சாரே" என்று சிரிப்பார்.

ஒரு பக்கத்தில் மூன்று வரிகள் எழுதியிருந்தார். அளவு வராத நாளில் கோட்டை நிறுத்து. பழைய அளவை நீட்டி வரையாதே. ஏன் வரவில்லை என்று கேள்.

வாடிக்கையாளர் ஒருவருக்கு அந்தப் பக்கத்தின்படி வரைந்து காட்டியபோது, அளவில்லாத நாட்களில் கோடு அறுந்து நின்றது. ஏஜென்ட் வேறு கேள்விமேல் கேள்வி கேட்டது. மென்பொருளே பழுது என்று நினைத்து அவர் எழுந்து போய்விட்டார். எனக்கு ஆத்திரம். கோடு தொடர்ந்து போகும்படி மாற்றி எழுதச் சொன்னேன். சுகந்தி மறுத்தார். அந்த வரிகளை நானே நீக்கினேன், ஏஜென்ட் பழைய அளவையே நீட்டி வரையத் தொடங்கியது.

என் மேசை முன்னால் வந்து நின்றார். "பாக்காத காய்ச்சலுக்கு சார்ட்டுல புள்ளி வைக்கது பெரிய தப்பாக்கும் சாரே. டாக்டர் அதப் பாத்துட்டு, நோயாளி சொகமா இருக்காருன்னு போயிருவாரு."

"இது ஆஸ்பத்திரி இல்ல சுகந்தி" என்றேன்.

வரிகளைத் திரும்பச் சேர்க்கும்படி அதற்குப் பிறகும் விடாமல் கேட்டார். அடுத்த முறை பார்ப்போம் என்று ஒவ்வொரு தடவையும் தட்டிக் கழித்தேன்.

அடக்கம் முடிந்ததும் கல்லறைத் தோட்டத்திலேயே அவர் மகள் ஷைனி என்னிடம் வந்தாள். பெங்களூரில் வேலை பார்க்கிறாள். சுகந்திக்குச் சர்க்கரை நோய் உண்டு. தினமும் அளந்து போனில் பதிவாராம். ஷைனியின் ஏஜென்ட் அதை எங்கள் மென்பொருளில் வரைந்து அவளுக்குக் காலைதோறும் அனுப்புமாம். இது எனக்கு அதுவரை தெரியாது.

"மாமா, கடைசி ரெண்டு நாளும் கோடு நேராத்தான போகுது? அம்மைக்கு நல்லாத்தான இருந்திருக்கு? பின்ன எப்படி மாமா?"

அவள் நீட்டிய போனில் அந்தப் படத்தைப் பார்த்தேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். முடியவில்லை.

"அது அம்மைக்க அளவு இல்ல மக்ளே. ரெண்டு நாளா அவிய அளக்கவே இல்ல, காய்ச்சல்ல கெடந்திருக்காவன்னு ஆஸ்பத்திரில சொன்னாவ. எங்க மென்பொருள் பழைய அளவ நீட்டிப் போட்டிருக்கு. அப்படிப் போடக்கூடாதுன்னு உங்கம்மை எழுதி வச்சிருந்தாவ. நான்தான் எடுத்தேன்."

அவள் என்னை அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் ஒரு போன் பண்ணியிருக்கலாம்லா மாமா" என்றாள்.

உன்மேல் தப்பில்லை என்று எத்தனை முறை சொன்னேனோ தெரியாது. எதுவும் அவள் காதில் ஏறவில்லை. அப்படியே அம்மாவின் எண்ணை அழுத்தினாள். பக்கத்தில் நின்ற லில்லியின் கைப்பைக்குள் சுகந்தியின் போன் அடித்தது. அது நிற்கும்வரை எங்களில் ஒருவரும் அசையவில்லை.

சுகந்தி, உங்கள் மூன்று வரிகளையும் மறுநாளே திரும்பச் சேர்த்துவிட்டேன். அதைச் சொல்லி ஆறுதல் தேட எனக்கு உரிமையில்லை. உங்கள் மகள் இன்னும் தன்னையேதான் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். என்ன சொன்னால் கேட்பாள் என்று எனக்குத் தெரியவில்லை. தப்பு என்னுடையது என்று அவள் ஒரு நாளாவது நம்ப வேண்டும் என்பதற்காகத்தான், ஊரார் எல்லாரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன். போய் வாருங்கள்.