சகலை சொன்னதால் பூட்டாத கணினி

என் மடிக்கணினியை நான் குறியாக்கம் செய்யாமல் விட்டதற்கு ஒரே காரணம், அதைச் செய்யச் சொன்னவர் என் சகலை என்பதுதான். ஐம்பது தாண்டிய பிறகு இதை எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சகலை என் மனைவியின் தங்கை கணவர். என்னைவிட இளையவர், தலையில் இன்னும் முடி இருக்கிறது. ஈப்போவில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறார். என் புத்தகங்களைப் படிக்காமலே பாராட்டுவார். பீடோரில் மாமியார் வீட்டுக்குப் போனால் தேநீர் முதலில் அவருக்குத்தான் வரும். அந்தக் குடும்பத்தில் எனக்கென்று மிஞ்சியிருந்த மரியாதை அரசாங்க விண்ணப்பப் பாரம் நிரப்புவது மட்டும். தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி செய்துவந்த எழுத்து வேலை, தோட்டத்தை மூடிய பிறகு எங்கள் பக்கத்தில் படித்த மாப்பிள்ளையின் தலையில் விழுந்துவிட்டது. உதவித்தொகையோ பாஸ்போர்ட்டோ, எதுவானாலும் ஐசி என்கிற அடையாள அட்டையைப் படமெடுத்து எனக்கு அனுப்பிவிடுவார்கள். மொத்தச் சொந்தத்தின் ஐசியும் கையெழுத்தும் என் கணினியில் ஒரே இடத்தில் கிடந்தன.

மாமியார் வீட்டில்தான் சகலை அதைச் சொன்னார். “அண்ணே, டிஸ்க்க என்கிரிப்ட் பண்ணிருங்க. சின்ன வேலதான் லா.”

“பாஸ்வேர்ட் இருக்கே?”

“அது கம்ப்யூட்டர் கேக்குற பாஸ்வேர்ட்ண்ணே. டிஸ்க்க கழட்டி வேற கம்ப்யூட்டர்ல மாட்டுனா யாரு கேப்பா? எல்லாம் அப்படியே தெரியும். என்கிரிப்ட் பண்ணிட்டா, கழட்டுனாலும் வெறும் குப்பதான் தெரியும்.”

மாமியார் அவரைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு பார்வைக்காகவே நான் செய்யவில்லை.

சென்ற ஆண்டு நானும் சகலையும் அவர் காரில் ஈப்போவின் சிலிபினுக்கு வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போனோம். திரும்பி வந்தால் பின்கண்ணாடி உடைந்திருந்தது. இரண்டு பேருடைய கணினியும் இல்லை. நான் சீட்டுக்கு அடியிலெல்லாம் துழாவிக்கொண்டிருந்தேன். அவரோ கண்ணாடிக் கடைக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

“போனா போகுதுண்ணே. என்னோடத அவனால ஒன்னும் பண்ண முடியாது. ஒங்களோடது?”

“பூட்டியாச்சு” என்றேன்.

திருடன் மேல் வரவேண்டிய ஆத்திரமெல்லாம் இவர் மேல் வந்தது. பறிகொடுத்த பிறகும் ஒரு மனிதர் இப்படி நிம்மதியாக இருந்தால் பார்த்துக்கொண்டு நிற்பவனுக்கு வயிறு எரியாதா?

ஒரு மாதம் கழித்து மாமியாரைப் போலீசில் கூப்பிட்டார்கள். அவர் ஐசியில் பதிவான கைப்பேசி எண்ணிலிருந்து யாரோ ஊரை ஏமாற்றிக்கொண்டிருந்தார்களாம். அழைப்பை எடுக்க மட்டுமே தெரிந்த அம்மாள், மோசடிக்காரி என்ற சந்தேகத்தில் நிலையத்துக்குப் போகவேண்டும். அன்றுதான் உண்மையைச் சொன்னேன்.

சகலை திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சமாவது அவரைவிட நல்லவனாக உணர்ந்திருப்பேன். சொந்தங்கள் அத்தனை பேரையும் அழைத்துப் புகார் கொடுக்கச் சொன்னார். மாமியாரையும் அவரே அழைத்துப் போனார். நான் குனோங் ராபாட்டில் என் வீட்டில் உட்கார்ந்து புதுக் கணினியைக் குறியாக்கம் செய்தேன். அதற்கும் அவர்தான் போனில் வழி சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

சாயங்காலம் மாமியார் அழைத்தார். வாக்குமூலத்தோடு விட்டுவிட்டார்களாம்.

“எப்படி அத்தே நம்புனாங்க?”

“மொதல்ல நம்பல மாப்ள. ஐசிய யாருகிட்ட குடுத்தீங்கன்னு போலீஸ்காரரு கேட்டாரு. மூத்த மாப்ளகிட்ட, அவரு கதை எழுதுறவருன்னு சொன்னேன். ஐயோ பாவம்னு ஒடனே கையெழுத்து வாங்கிட்டு அனுப்பிட்டாரு லா.”