பிரிக்கக் கூடாத வெற்றிலை

அன்று அம்மன் கோயில் வாசலில் இருந்தவர்கள்: வண்ணக்கர், அதாவது கோயிலை நடத்துகிறவர். இளைப்பாறிய வாத்தியார். இறால் வாங்கி விற்கும் முதலாளி. என் அண்ணன். தண்ணீர்க் குடத்தோடு நான். நடுவே ஒரு தட்டு. அதில் மூன்று வெற்றிலை மடிப்புகள்.

எங்கள் கோயில் வருடத்தில் ஒருமுறை, வைகாசிச் சடங்குக்குத்தான் கதவு திறக்கும். திறந்து பூசை செய்கிறவரைக் கட்டாடியார் என்போம். அவர் எங்கள் குடியில் பிறந்தவராக இருக்கவேண்டும். குடி தாய் வழியில் வருவது. இருந்த கட்டாடியார் சடங்கு நெருங்குகிற நேரத்தில் இறந்துபோனார். அடுத்து இவர்தான் என்று சொல்ல ஆளில்லை. அப்படி வந்தால் அம்மனிடமே கேட்பது வழக்கம். ஒரு மடிப்பில் திருநீறு, மற்ற இரண்டிலும் பச்சரிசி. ஒவ்வொருவராக எடுத்துப் பிரிக்கவேண்டும். திருநீறு கண்டதும் கேள்வி முடிந்தது. மிஞ்சியவற்றைப் பிரிக்கக் கூடாது. அப்படியே ஊரை ஒட்டிய உப்புநீர் வாவியில் விடவேண்டும்.

வாத்தியாருக்கு, அம்மனைக் குளிரவைக்கச் சடங்கில் பாடும் குளிர்த்திப் பாட்டு முழுக்கப் பாடம். முதலாளி கோயிலுக்குக் கூரை போட்டவர். இருவரும் விரும்பி வந்திருந்தார்கள். அண்ணனை மட்டும் ஊரார் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். அவரும் என்னைப் போல மூன்றாம் வகுப்போடு நின்றவர். நாலு பேர் பார்த்தால் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். வண்ணக்கர் அவரைத்தான் முதலில் எடுக்கச் சொன்னார். வயதில் மூத்தவர் வாத்தியார். அவர் நிற்க ஏன் இவர் என்று நினைத்தேன். வண்ணக்கரின் முகத்தைப் பார்த்தேன். அவர் வாவிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் பிரித்தார். திருநீறு.

“எனக்கு ஏலா. மீன் வெட்டுற கை இது,” என்றார்.

“கழுவினாப் போகும்,” என்றார் வண்ணக்கர்.

“இனி அம்மனுக்கும் கருவாட்டு மணந்தான்,” என்று முதலாளி சிரித்தார். வாத்தியார் சிரிக்கவில்லை. சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மிஞ்சிய இரண்டையும் வாவியில் விட என்னிடம் தந்தார்கள். கரையோரச் சேற்றில் நிற்கும் கண்ணா மரங்களுக்கு அப்பால் தோணியைத் தள்ளிக்கொண்டு போனேன். கரை மறைந்ததும் இரண்டையும் பிரித்தேன். அரிசி இல்லை. இரண்டிலும் திருநீறு.

நேரே வண்ணக்கர் வீட்டுக்குப் போனேன். அவர் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டு நின்றார்.

“மூண்டிலயும் திருநீறு,” என்றேன்.

“பிரிச்சிட்டியா?”

“ஓம்.”

“பிரிக்கப்படாதெண்டு தெரியாதா, மனே?”

“ஏமாத்தப்படாதெண்டு உங்களுக்குத் தெரியாதா?”

அவர் கோபிக்கவில்லை. “நான்தான் போட்டன். மற்ற ரெண்டு பேரும் தங்களுக்கு ஏலுமெண்டு வந்தவங்க. ஏலாதெண்டு பயந்தவன் உன்ட அண்ணன் ஒருத்தன்தான். பயமில்லாதவன அந்தக் கதவுக்குக் கிட்ட விட எனக்கு மனமில்ல.”

“அப்ப அம்மனக் கேட்டதெண்டு சொன்னது?”

“நான் கேட்டுப்போட்டுத்தான் செய்தன்.”

நான் நம்பவில்லை. சொன்னபடி தலையாட்டுகிற ஒரு ஆள் அவருக்கு வேண்டும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். இன்றும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

அண்ணனிடம் சொல்லவேண்டும் என்றுதான் திரும்பி வந்தேன். அவர் அதற்குள் கோயில் மண்டபத்தில் பாயைப் போட்டிருந்தார். மீனை விட்டார். தோணியை விட்டார். பாட்டை யாரோ கைபேசியில் பதிந்து கொடுத்திருந்தார்கள். காதில் வைத்துக்கொண்டு உதட்டை அசைப்பார். முதல் அடி வரும். இரண்டாவது அடியில் நிற்கும். “ஏலாதுதான், தம்பி. ஆனா அவ கூப்பிட்டுட்டா. வரமாட்டன் எண்டு சொல்ல நான் ஆரு?” என்பார். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவர் நின்றார். நான் சொன்னால் அன்றைக்கே விழுந்திருப்பார். வாயை மூடிக்கொண்டேன். சோறு கொண்டுபோய் வைத்துவிட்டு, அவர் முகம் பாராமல் திரும்பிவிடுவேன்.

கதவு திறக்கிற நாள் மேற்கிலிருந்து கச்சான் காற்று மணலை வாரி அடித்தது. வாவிக்கு அக்கரையான படுவான்கரையில் இருந்தெல்லாம் சனம் வந்திருந்தது. அண்ணன் கதவைத் திறந்தார். விளக்கை ஏற்றினார். பாடவேண்டிய இடம் வந்தது. நின்றார். பின்னால் ஒரு பெண் குரல், “இதுக்குத்தான் படிச்ச ஆள் வேணுமெண்டது,” என்றது. நான் முன்வரிசையில் நின்றேன். அவர் அம்மனைப் பார்த்து, பக்கத்தில் நிற்பவரிடம் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்: “எனக்குத் தெரியா, தாயே. கூப்பிட்ட நீதான் சொல்லித் தரோணும்.”

வாத்தியார் முதல் அடியை எடுத்தார். அவர் வருவார் என்றே யாரும் நினைக்கவில்லை. அவர் ஒரு அடி பாட, அண்ணன் அதே அடியைத் திரும்பச் சொன்னார். பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். பாட்டு முடிந்தது. நான் அப்போதும் வண்ணக்கரைத்தான் பார்த்தேன், இதுவும் அவருடைய ஏற்பாடா என்று. அவர் அழுதுகொண்டிருந்தார்.

சடங்கு முடிந்து அண்ணன் மறுபடி தோணிக்கு வந்தார். வலை இழுக்கும்போது அவராகவே கேட்டார். “மற்ற ரெண்டையும் பிரிச்சுப் பாத்திருப்பாய். உன்னத் தெரியாதா எனக்கு. என்ன இருந்த?”

இனி விழமாட்டார் என்று தோன்றியது. “திருநீறு. ரெண்டிலயும். வண்ணக்கர்ட வேலை,” என்றேன்.

வலையில் சிக்கிய பாசியைப் பிய்த்து எறிந்தார். பிறகு சிரித்தார். “எனக்கு ஏலாதெண்டு அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தெரிஞ்சுதான் கூப்பிட்டிருக்காங்க. பிறகு நான் மட்டும் ஏன் யோசிக்க? இழு.”

சாகும்வரை அவர்தான் கட்டாடியார். பாட்டு கடைசிவரை முழுதாகப் பாடமாகவில்லை. வாத்தியார் இருந்தவரை அவர் எடுத்துக்கொடுத்தார். பிறகு அவருடைய மகள்.

இந்த வைகாசிக்கு முன் அதே வாசலில் அதே தட்டை வைத்தார்கள். பழைய வண்ணக்கரும் இல்லை. அவருடைய மகன்தான் மடித்திருந்தான். மூன்று பேரில் ஒருவனாக என்னையும் சேர்த்திருந்தார்கள். கேட்டால் இல்லை என்பேன் என்று தெரிந்து கேட்கவே இல்லை. முதலில் எடுக்கச் சொன்னதும் என்னைத்தான்.

“எடுக்கிறன். ஆனா மற்ற ரெண்டையும் இஞ்சயே பிரிக்கோணும்,” என்றேன்.

“அது வழக்கமில்லையே, பெரியப்பா,” என்றான் வண்ணக்கரின் மகன்.

“அப்ப நான் எடுக்கல்ல.”

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சரி என்றார்கள்.

என் மடிப்பில் திருநீறு இருந்தது. மற்ற இரண்டையும் இழுத்து என் கையாலேயே பிரித்தேன். அரிசி கொட்டியது. இலையைத் திருப்பிப் பார்த்தேன், விரலால் தேய்த்தும் பார்த்தேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

திருநீறு இருந்த மடிப்பு: ஒன்று.