மூன்றாம் பக்கத்தில் செத்த மாமியார்

என் அண்ணன் மனைவி நாகேஸ்வரி, பரந்தனில் இருந்துகொண்டே முப்பது பேருக்கு மேல் கொன்றிருக்கிறாள். எல்லாம் நாவலில்தான். கோழி உரிப்பதென்றால் என்னைத்தான் கூப்பிடுவாள்.

அவளுடைய புத்தகங்கள் சென்னையில் அச்சாகி, ரொறன்ரோவில் விற்று, கடைசியாகத்தான் கிளிநொச்சிக்கு வந்தன. இப்போது பஸ்ஸுக்கு நிற்கிற பெட்டைகளின் கையிலும் அவளுடைய பிணங்கள்தான். பெரிய கற்பனைக்காரி என்று சனம் சொல்கிறது. மண்ணாங்கட்டி! தன்னை அரியண்டப்படுத்தியவர்களைப் பெயர் மாற்றிப் போட்டுத்தள்ளுவாள், அவ்வளவுதான். காணி விசயமாய் அலைக்கழித்த ஒருவர் இரண்டு நாவல்களில் கிணற்றில் மிதந்தார்.

அந்தப் பழக்கத்தால் மகளின் தலையிலேயே மண்ணை அள்ளிப் போட்டாள். லக்சிகாவும் அவளோடு வங்கியில் வேலைசெய்யும் சிவகரனும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். அவனுடைய தாய் இரஞ்சிதம் யார் வீட்டுக்குப் போனாலும் குசினிக்குள் நுழைந்து சட்டி திறந்து பார்ப்பாவாம். மகள் சிரித்துக்கொண்டு சொன்னதை இவள் அப்படியே நாவலில் போட்டாள். சட்டி திறந்து ருசி பார்த்த மாமியார் மூன்றாம் பக்கத்தில் நஞ்சேறிச் செத்துப்போனா. இரஞ்சிதம் எங்கே போனாலும் பிடிக்கிற பச்சைக் குடையைக்கூட விடவில்லை. புத்தகம் சக்கைபோடு போட்டது. சிவகரன் பெருமைக்குத் தாயிடமே ஒன்றைக் கொடுத்தான், விசரன்.

பெண் கேட்டு வந்தார்கள். சம்பந்தம் சரிவரும்வரை பெண் வீட்டில் கை நனைக்காதது எங்கள் வழக்கம். அதனால் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது வழக்கத்தாலா, நஞ்சுப் பயத்தாலா என்று தெரியவில்லை. லக்சிகா கதவடியில் நின்று கோப்பைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சட்டி திறக்கிறது நான்தான். நல்லாத்தான் சாக்காட்டியிருக்கிறியள்," என்றா இரஞ்சிதம். "அதில எனக்குக் கோவமில்லை. ஆனா இவ்வளவு பக்கத்தில ஒருத்தராவது அவவுக்காக அழேல்லையே? எனக்குப் பொம்பிளைப் பிள்ளை இல்லை. உங்கட மகள் வருவா எண்டு நினைச்சனான்."

நாகேஸ்வரியின் எந்த நாவலிலும் யாரும் அழுவதில்லை. முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு அண்ணனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அழுதால் செத்துவிட்டார் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது அவளுடைய பிடிவாதம்.

"மாமி, அழுகை ஒரு பக்கம் முழுக்க இருந்தது," என்றாள் லக்சிகா. "விக்காதெண்டு சென்னைக்காரர் வெட்டிப்போட்டினம்."

"ஆர் அழுதது?"

"மருமகள்."

இரஞ்சிதம் கோப்பையை எடுத்து முழுவதையும் குடித்தா. "அடுத்த பதிப்பில அதைத் திருப்பிப் போடச் சொல்லுங்கோ."

அச்சுக்கு முதல் எல்லாவற்றையும் வாசிக்கிறவள் நான். அப்படி ஒரு பக்கம் இருந்ததே இல்லை. ஒரே இருப்பில் கொலை எழுதுகிறவள் அந்த ஒரு பக்கத்தோடு மூன்று கிழமை மாரடித்தாள். கடைசியில் மகளைக் கூப்பிட்டு, "பொய் சொன்னது நீ, நீயே எழுது," என்றாள்.

லக்சிகா எழுதிக் கொடுத்தாள். செத்த மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த மருமகள் அழுதது முழுக்கக் காணாமல்போன தன் தகப்பனுக்காக. நாகேஸ்வரி வாசித்தாள். ஒரு சொல்லும் வெட்டாமல் மடித்து வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அவள் அழுவது வெளியே கேட்டது. எனக்கும் தாங்கவில்லை.