கற்பகம் அழுத அழுகை

கோடம்பாக்கத்தில் லைட்மேன் பஞ்சாட்சரத்தின் மனைவி முத்தம்மா அதிகம் பேசுகிறவள் அல்ல. இரண்டு வீடுகளில் பாத்திரம் துலக்குவாள். வெள்ளிக்கிழமையானால் பஸ் ஏறி மயிலாப்பூர் போய்க் கற்பகாம்பாளைக் கும்பிட்டு வருவாள். கல்யாணமாகி வெகுநாள் கழித்து அந்த அம்மன் கொடுத்த பிள்ளை என்பதால் மகளுக்கும் கற்பகம் என்றே பெயர் வைத்தாள்.

எழுபத்து மூன்றாம் வருஷம் கற்பகத்துக்கு எட்டு வயது. அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு ஸ்டூடியோவுக்குப் போயிருந்தாள். அங்கே அழ வேண்டிய குழந்தைக்கு ஜுரம் வந்துவிட்டதால் இவளைப் பிடித்து நிறுத்தினார்கள். கிளிசரின் பாட்டிலைத் திறப்பதற்குள் இவள் கண்ணில் தாரை தாரையாக வழிந்ததாம். பஞ்சாட்சரம் அதைத் தெரு முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பூரித்தான். முத்தம்மாவுக்கும் அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு கற்பகத்தைக் கூட்டிப்போகச் சினிமாக் கம்பெனி வண்டி அடிக்கடி வந்தது. பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரி ஆற்றாமையோடு சொல்வாள்: "இன்னா பொண்ணு பெத்து வச்சிக்கீற முத்தம்மா! எங்க ஸ்டெல்லா கீதே, அடிச்சாக்கூட அழாம நிக்கிது, சனியன்."

தெருவில் பாதிப் பேர் தங்கள் பிள்ளைகளை வாசலில் நிறுத்தி அழப் பழக்கினார்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும்.

கற்பகம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் போடாமல் போய் அழுதாள். டீச்சர் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். வீட்டில் மண்பானையை உடைத்துவிட்டு அழுதாள். முத்தம்மா பதறி அணைத்துக்கொண்டு திரும்பினால், மகள் சுவர்க் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்!

அன்றிலிருந்து அவள் அழுதால் ஓடிப்போய்த் தூக்க முத்தம்மாவுக்குக் கை வரவில்லை. இது எந்த அழுகையோ என்று முதலில் யோசித்தாள். பெற்றவள் யோசிக்கலாமா என்று தன்னையே நொந்துகொண்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு மயிலாப்பூர் போனாள். சன்னதியில் தீபாராதனை காட்டும்போது கற்பகம் கைகூப்பி நின்று பொலபொலவென்று கண்ணீர் விட்டாள். அருகில் நின்ற மாமி ஒருத்தி உருகிப்போய், "கொழந்தைக்கு என்ன பக்தி பாருங்கோ!" என்று தன் தலைப்பூவைக் கிள்ளி அவளுக்கு வைத்தாள். முத்தம்மாவுக்கு உடம்பு சிலிர்த்தது.

வெளியே குளத்துப் பக்கம் வந்ததும் கேட்டாள்: "அம்மன்கிட்ட இன்னாம்மா வேண்டிக்கினே?"

"ஒண்ணும் இல்லியே. அந்த மாமி என்னியே பாத்துக்கினு இருந்தாங்க, அதான்."

முத்தம்மா மகள் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

மறுநாள் காலை கம்பெனி மேனேஜர் ரகுபதி வண்டியோடு வந்து நின்றான். "பொண்ணு ரெடியாம்மா? இன்னிக்கு அம்மன் கோயில் சீன். அம்மா உசுரக் காப்பாத்துன்னு அழணும். தாய்க்குலம் பூரா தேம்பிடும், பாரேன்!"

"அவ வரமாட்டா சார்."

"ஏன், ஒடம்புக்கா?"

"நல்லாத்தான் கீறா. இனிமே ஸ்கூலுக்குத்தான் போவா."

பஞ்சாட்சரம் பாய்ந்து வந்தான். "ஏய், என் பொழப்புல மண்ணள்ளிப் போடறியா?"

"நான் கூலி வேலை செஞ்சிக் கஞ்சி ஊத்தறேன். இவளை அனுப்ப மாட்டேன்."

வண்டி காலியாகப் போகவில்லை. ஆரோக்கியமேரி அதற்குள் ஸ்டெல்லாவுக்குத் தலை வாரிப் பவுடர் போட்டு இழுத்து வந்துவிட்டாள்.

"அம்மன் சீன்மா இது," என்றான் ரகுபதி.

"எந்த சாமியா இருந்தா இன்னா சார், அழுவணும், அவ்ளோதானே?"

"அழுவாளா?"

"வழியெல்லாம் கிள்ளிக்கினே வரேன் சார், கவலப்படாத."

வண்டி தெருமுனை திரும்பியது. ஸ்டெல்லா முன் ஸீட்டிலிருந்து கை ஆட்டினாள். கற்பகம் வீட்டுக்குள் ஓடி, மூலையில் வெறும் சுவரைப் பார்த்துக் குப்புற விழுந்து கதறினாள். பஞ்சாட்சரம் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "இன்னாமா ஆக்ட் பண்றா பாரு! இந்தப் பொண்ணப் போயி வேணாம்னுட்டியே."

முத்தம்மா இந்தத் தடவை யோசிக்காமல் நேரே போய் மகளைத் தூக்கினாள். கற்பகம் அவளை உதைத்தாள், தோளைக் கடித்தாள். முத்தம்மா விடவில்லை.