வராத விடைக்கு விழுந்த அடி

விரல் முறிந்த சத்தம் மெஷின்களின் ஃபேன் இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. அவர் வாய் திறந்ததைத்தான் பார்த்தேன்.

கோலார் தங்கவயலின் கோரமண்டலில் ஒரு தகரக் கொட்டகை. கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அண்ணன், அவருடைய தம்பி, தினமும் ரயிலில் பெங்களூர் போய்வரும் ஒரு வெல்டர், மூன்று பேரும் ஆளுக்கொன்றாக வாங்கிய, கிரிப்டோ நாணயம் எடுக்கும் மெஷின்களை அங்கே கூட்டாக ஓட்டினார்கள். திரையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நான் பத்தாவது வரை படித்தவள். ஆட்களுக்கு முன்னால் எனக்குக் குரல் எழும்பாது.

எல்லா மெஷினும் ஒரே கணக்குக்கு விடை தேடும். உழைப்பதற்குச் சாட்சியாகச் சின்ன விடைகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். நாணயம் கிடைப்பது எப்போதாவது வரும் பெரிய விடைக்குத்தான். சின்னதை அனுப்பிவிட்டுப் பெரியதை ஒருவன் மறைத்தால் பார்வைக்குத் தெரியாது. அதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. விடை தெரிந்த பழைய கணக்கைப் புதிதுபோல அந்த மெஷினுக்குக் கொடுக்க வேண்டும். ஒழுங்கான மெஷின் பெரிய விடையைத் திருப்பித் தரும். தராவிட்டால் ஒன்று திருட்டு, இல்லை பழுது.

பல நாளாகப் பெரிய விடை வரவில்லை. வெல்டரின் மெஷினை மட்டும் சோதிக்கச் சொன்னார் அண்ணன். ஏன் அதை மட்டும் என்று நான் கேட்கவில்லை. மூன்று முறை கொடுத்துப் பார்த்தேன்.

"இன்னாம்மா, வந்துச்சா?"

"வரலண்ணா."

பழுதாகவும் இருக்கலாம் என்று அடுத்த வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

ஞாயிறு மத்தியானம் வெல்டர் உள்ளே வந்தார். "இன்னாக்கா, மூஞ்சி தொங்குது? மெஷினுக்கு ஜுரமா?" என்று சிரித்தார். பின்னாலிருந்து தம்பி உதைத்த உதையில் ரேக்கில் போய் மோதினார். உதடு கிழிந்தது.

"அவுத்துப் போட்றா எல்லாத்தியும்" என்றான் தம்பி.

எங்கள் அப்பாக்கள் தங்கச் சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து மேலே வந்தால் துணியை அவிழ்த்துக் காட்ட வேண்டும். வாயில், தலைமுடியில் தங்கத்தூள் தேடுவார்கள். அண்ணனுக்கும் தம்பிக்கும் திருட்டைத் தேட வேறு விதம் தெரியவில்லை. ஓர் எண்ணைத் தேடி அவரை அம்மணமாக்கினார்கள். முடியைப் பிடித்து உலுக்கினார்கள். தம்பி அவர் வாய்க்குள் விரலை விட்டான்.

"எங்கடா வச்சிக்கிற?"

"மெஷின் கெட்டிருக்கும்ணா! சத்தியமாண்ணா!"

தம்பி அவருடைய வலது கையை மேஜையில் அழுத்தி ஸ்பானரால் அடித்தான். முதல் அடியிலேயே விரல்கள் தொங்கின. மறுபடியும் ஓங்கினான்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அண்ணனின் மெஷினும் வெல்டருடையதை வாங்கிய அதே ஆளிடம், அதே நாளில் வாங்கியது. லேப்டாப்பில் அதற்கும் பழைய கணக்கைக் கொடுத்தேன். சின்ன விடைகள் வந்தன. பெரியது வரவில்லை. திரும்பவும் கொடுத்தேன். வரவில்லை.

"அண்ணா" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மெயின் ஸ்விட்சை இழுத்து அணைத்தேன். ஃபேன்கள் நின்றன. ஸ்பானர் தம்பியின் தலைக்கு மேலே இருந்தது.

"உங்க மெஷினும் தரலண்ணா. ரெண்டு வாட்டி போட்டேன். ரெண்டு மெஷினுக்கும் ஒரே பழுது."

அண்ணன் குனிந்து லேப்டாப் திரையைப் பார்த்தார். தரையில் கிடந்த வெல்டர் உடைந்த கையை மார்போடு பிடித்துக்கொண்டு, ரத்தத்தைத் துப்பிவிட்டு என்னிடம் சொன்னார்:

"அப்ப அவரையும் அவுக்கச் சொல்லுக்கா."