நாலு மணிக்கு வேன் கிளம்பும்

மலையில் இருக்கிறவர்களுக்குக் கடலைக் காட்டுவது என் தொழிலாக இருந்தது. கடல் தன்னைத் தானே காட்டிக்கொள்ளும் என்பதால், என் பங்குக்கு நான் எல்லாருடைய செருப்புகளையும் பார்த்துக்கொண்டேன்.

சண்டை ஓய்ந்து, சனங்கள் பயமில்லாமல் ஊர் சுற்றத் தொடங்கிய வருஷங்கள் அவை. கண்டி ரயில் நிலையத்துக்குக் கிட்ட எங்கள் முதலாளிக்கு ஒரு சின்ன அலுவலகமும் ஒரு வேனும் இருந்தன. போயா என்கிற பௌர்ணமி லீவு நாட்களில் ஆட்களை ஏற்றி நீர்கொழும்புக் கடற்கரைக்குக் கொண்டுபோய், பகல் சாப்பாடு கொடுத்துத் திருப்பிக் கொண்டுவருவோம். விளம்பரத்தில் எனக்குப் பெயர் 'அனுபவமிக்க வழிகாட்டி'. டிரைவருக்கு மனப்பாடமான ரோட்டில் நீ என்ன வழி காட்டினாய் என்று கேட்காதீர்கள். ஊரெல்லாம் உல்லாசமாக இருக்கிற நாளில் வேலைக்குப் போகிற சாபம், கல்யாண வீட்டுச் சமையற்காரராகவோ திருவிழாவில் ஒலிபெருக்கி கட்டுகிறவராகவோ, உங்களுக்கும் வாய்த்திருந்தால் நீங்களும் என் கட்சிதான். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

நித்திரைக்காரர்கள்

விடியுமுன் புறப்பாடு. ஏறும்போது எல்லாரும் உற்சாகமாகத்தான் ஏறுவார்கள். பாட்டுப் போடச் சொல்வார்கள். பேராதனைப் பாலம் தாண்டுவதற்குள் பாட்டு கேட்டவர் முதல் ஆளாக வாயைத் திறந்து தூங்கிவிடுவார். கடுகண்ணாவை வளைவுகளில் பனி ரோட்டின் மேல் படுத்துக் கிடக்கும். வேன் அதற்குள் மெதுவாக இறங்கும்போது தலைகளெல்லாம் ஒரே பக்கமாகச் சாயும், அடுத்த வளைவில் மறுபக்கம் சாயும். கீழே இறங்க இறங்கக் காற்றுச் சூடாகும். தூக்கத்திலேயே ஒருவர் மப்ளரை அவிழ்ப்பார், ஒருவர் ஸ்வெட்டரைக் கழற்றுவார். வரக்காப்பொலைக்கு வரும்போது நாங்கள் ஒரு வேன் நிறையக் கனவுகளைத்தான் ஏற்றிக்கொண்டு போகிறோம் என்று எனக்குத் தோன்றும். எனக்கும் அப்படியே கண்ணைச் சொருகும். ஆனால் வழிகாட்டி தூங்கக் கூடாது. அவனுடைய முதல் வேலையே டிரைவரைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்வதுதான்.

எங்கள் டிரைவர் நௌபர் நானா கண்டியில் பிறந்து வளர்ந்தவர், தங்கமான மனுஷன். வாய் ஓயாமல் கதை கொடுத்தால் கண் விழித்து ஓட்டுவார். கதை நின்றால் அவர் கண்ணும் மூடிக்கொள்ளும். ஒரு விடியற்காலை நான் சன்னல் வழியாகப் பனியைப் பார்த்து, "என்ன அழகு நானா!" என்று சொக்கிப்போய்ச் சொன்னேன். அவர் தலையைத் திருப்பாமல் சொன்னார்: "ரோட்ட நான் பாக்குறன். நீ என்ட கண்ணப் பாரு."

முன் இருக்கைக்காரர்

அந்த வேனில் தூங்காத மூன்றாவது ஆள் ஒருவர் இருந்தார். பரமசிவம் ஐயா. கண்டி மாநகர சபையில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத காற்சட்டை, முகம் தெரிகிற அளவுக்குப் பாலிஷ் போட்ட சப்பாத்து. போயாவுக்குப் போயா தவறாமல் வந்து முன் வரிசை சன்னலோரத்தில் உட்கார்ந்துகொள்வார். சுத்த சைவம். எங்கள் மீன் குழம்புச் சாப்பாட்டைத் தொடமாட்டார், தயிர்ச் சோறு கட்டிக்கொண்டு வருவார். நீர்கொழும்பில் மீன் சந்தையைக் கடக்கும்போது சட்டைப்பை லேஞ்சியை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்வார். மீன்வாடைக்கே முகம் சுளிக்கிற மனுஷனுக்குக் கடற்கரையில் என்ன வேலை என்று நானும் நானாவும் மண்டையைப் பிய்த்துக்கொண்டோம். கேட்டால், "கண்டியில வாவியச் சுத்தி நடக்கிறேன்ல, அந்த மாதிரிதான், ஒரு நடை" என்பார். சப்பாத்தைக் கழற்றாமலே மணலில் நடந்து மறைந்துபோவார்.

ஒருநாள் பின்னாலேயே போனேன். வழிகாட்டிக்கு ஆள் தொலைந்தால் வேலை தொலைந்த மாதிரி, அந்தப் பயம்தான். கரையில் இழுத்துப் போட்டிருந்த ஒரு படகின் மறைவில் அவர் நின்றிருந்தார். அதற்கப்பால் கருவாடு காயப்போடுகிற திடல். கண்ணுக்கு எட்டிய மட்டும் சாக்குகள் விரித்து, வெள்ளி வெள்ளியாகச் சாளை மீன். ஓர் இளம்பெண் குனிந்து அவற்றைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஓலைப் பந்தலின் நிழலில் ஒரு சேலைத் தொட்டில் காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

என்னைக் கண்டதும் அவரே சொன்னார், அவள் தன் ஒரே மகள் கோமதி என்று. கட்டுநாயக்காவில் கார்மெண்டில் வேலை செய்யப் போன இடத்தில் ஒரு மீன்பிடிக்கிற பையனை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டாள். "இனி என் வாசப்படி மிதிக்காதே" என்று இவர் சொல்லிவிட்டார். அவளும் அப்பனுக்குத் தப்பாத பிள்ளை, மிதிக்கவில்லை. பேரன் பிறந்த சேதி யார் யார் வாய் வழியாகவோ வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகுதான் இவருக்கு இந்தக் கடல் பைத்தியம். இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், இன்னும் பத்தடி போனால் என்ன ஐயா என்று கேட்டேன். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. அவர் அந்தத் தொட்டிலை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்: "பக்கத்துல போனா பேசணுமே, தம்பி."

சவர்க்காரம்

இடையில் ஒரு போயாவுக்குப் புசல்லாவைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து கொழுந்து பறிக்கிற பெண்கள் வேன் நிறைய வந்தார்கள். தலைவி முத்தம்மா அக்கா. வேன் நின்றதும் எல்லாரும் இறங்கினார்கள், கடலைப் பார்த்தார்கள். பிறகு அக்கா இடுப்பிலிருந்து ஒரு சவர்க்காரத் துண்டை எடுத்து முழங்காலிலிருந்து பாதம் வரை தேய்த்துக்கொண்டார். துண்டு கைமாறியது. ஒவ்வொருவராகத் தேய்த்தார்கள். குளிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது: அட்டைப்பூச்சி கடிக்காமல் இருக்க. மழை நாளில் மலை ஏறுமுன் சவர்க்காரமோ உப்போ தேய்க்கிறதை இங்கேயும் கால் தன்னால் கேட்டிருக்கிறது.

அதைவிட அழகு, தண்ணீரில் இறங்கிய விதம். யாரும் சொல்லவில்லை. தேயிலை மலையில் ஆளுக்கொரு நிரை பிடித்து நிற்பதுபோல் கடலோரத்தில் வரிசையாக நின்று, ஒரே நேரத்தில் அடி எடுத்து வைத்தார்கள். பக்கத்தாள் அலைக்குள் இவள் கால் வைக்கவில்லை. அலை வந்து எல்லார் சேலையையும் ஒரே மாதிரி நனைத்துவிட்டுத் திரும்பிப் போனது. எனக்கு நின்ற இடத்தில் கண் கலங்கிவிட்டது, காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. முத்தம்மா அக்கா குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். தூ என்று துப்பினார். பிறகு கடலைப் பார்த்துக் கையை ஆட்டிச் சொன்னார்: "இம்புட்டு உப்பையும் இங்க கொட்டி வச்சுட்டு, எங்கள அட்டைக்குக் குடுத்துட்டாங்களேப்பா!"

வேற கடல்

பேராதனையில் படிப்பிக்கிற யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் தனியாக வந்தார். அவர் கடலில் இறங்கவுமில்லை, படமெடுக்கவுமில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு பகல் முழுக்க மணலில் உட்கார்ந்திருந்தார். ஏதாவது மனக்குறையோ, பிறகு அலுவலகத்துக்குப் புகார் எழுதுவாரோ என்று எனக்குப் பயம். "கடல் பிடிக்கலீங்களா?" என்று கேட்டேன். நித்திரையிலிருந்து எழுந்தவர் மாதிரி என்னைப் பார்த்தார். "கடல்தான், ஓம். ஆனா எங்கட கடல் இப்பிடிச் சத்தம் போடாது, தம்பி. சும்மா படுத்துக் கிடக்கும்."

மழை

எங்கள் சட்டத்தில் மாற்ற முடியாத ஒரே விதி, நாலு மணிக்கு வேன் கிளம்பும் என்பது. இருட்டிவிட்டால் கடுகண்ணாவைப் பனியில் ஏறுவது நானாவின் கண்ணுக்கு ஆகாது, முதலாளிக்கும் ஆகாது. ஆகையால் அந்த மழை நாள் வரை எங்கள் வேனில் வந்த ஒருவர்கூடச் சூரியன் கடலில் இறங்குவதைப் பார்த்ததில்லை. இத்தனை தரம் போய்வந்த நானும் பார்த்ததில்லை.

அன்றைக்கும் நேரம் நெருங்கிவிட்டது, பரமசிவம் ஐயாவைக் காணோம். கூட்டிவரப் போனேன். அதே படகு, அதே மறைவு. மேற்கே ஒரு கருமேகம் கடலைத் தொட்டுக்கொண்டு வந்தது. "ஐயா, போகலாம்" என்றேன். "ஒரு நிமிஷம்" என்றார். அதற்குள் திடலில் யாரோ "வெஸ்ஸ! வெஸ்ஸ!" என்று மழையைக் காட்டிக் கத்தினார்கள். காய்கிற மீனில் மழை பட்டால் அவ்வளவு பாடும் வீண். பெண்கள் நாலா பக்கமும் ஓடினார்கள். கோமதி ஒரு கையில் பிள்ளையை அணைத்துக்கொண்டு மறு கையால் சாக்கை இழுத்தாள். அது அசையவில்லை.

பக்கத்தில் நின்ற மனுஷனைக் காணவில்லை. பார்த்தால், வெள்ளைச் சட்டையோடு மீனுக்குள் நிற்கிறார். லேஞ்சியை எந்தப் பக்கம் எறிந்தாரோ தெரியாது. இரண்டு கையாலும் சாளையை வாரி வாரிச் சாக்கின் நடுவில் குவிக்கிறார். கோமதி நிமிர்ந்தாள். அப்பனைப் பார்த்தாள். அழுவாளா, திட்டுவாளா, திரும்பிப் போய்விடுவாளா என்று எனக்குத் தெரியவில்லை. முதல் துளி விழுந்தது. அவள் கத்தினாள்: "அப்பா, அந்தப் பக்கத்தப் பிடிச்சு இழுங்க, நனையுது!"

பழுது

நான் வேனுக்குத் திரும்பி வந்தபோது மழை விட்டிருந்தது. கண்டியில் புடவைக்கடை வைத்திருக்கிற அம்மா ஒருவர் பிள்ளைகளோடு வந்திருந்தார், அவர்தான் படபடத்தார். "எத்தன மணிக்குன்னு சொன்னீங்க? அந்தப் பெரியவர விட்டுட்டுப் போகலாம், பஸ்ல வரட்டும்." நியாயம்தான். ஆனால் நான் கடைசியாகப் பார்த்தபோது பரமசிவம் ஐயா ஓலைப் பந்தலுக்குள் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். மடியில் பேரன். கையில் பிளேன்டீ. கோமதி பக்கத்தில் நின்று சேலைத் தலைப்பால் அவர் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். அங்கே போய் நேரமாகிவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானாவின் காதில் மட்டும் விஷயத்தைப் போட்டேன். அவர் இறங்கிப்போய்ப் பொனட்டைத் திறந்து, தலையை உள்ளே விட்டுக்கொண்டார்.

வேறு வழியில்லாமல் எல்லாரும் மணலில் போய் உட்கார்ந்தார்கள். மழை கழுவிவிட்ட வானம். சூரியன் மெல்ல மெல்லச் சிவந்து, கீழே கீழே வந்து, தண்ணீரைத் தொட்டது. புடவைக்கடை அம்மா கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, முகமெல்லாம் செம்மஞ்சளாக, என்னைக் கூப்பிட்டு இது தினமும் இப்படித்தானா என்று கேட்டார். எனக்கும் முதல் தடவை என்று சொல்லாமல், அனுபவமிக்க வழிகாட்டியாகத் தலையை ஆட்டினேன். எழுந்து நானாவிடம் போய், வேனுக்கு என்ன பழுது என்று சொல்லுவோம் என்று கேட்டேன். பொனட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது: "வேன் நல்லாத்தான் ஈக்குது. அவர் எழும்பினா இதுவும் எழும்பும்."

வாடை

இருட்டுகிற நேரத்தில் பரமசிவம் ஐயா வந்தார். சட்டையில் செதில், காற்சட்டையில் சேறு, சப்பாத்துக்குள் மணல். தன் இடத்தில் உட்கார்ந்தார். நானாவைத் தூங்கவிடக் கூடாது என்று நான் கதை கொடுக்க ஆரம்பித்தேன்; அவர் கண்ணில் அன்றைக்குத் தூக்கமே இல்லை. கொஞ்ச தூரம் போனதும் வாடை வேன் முழுக்கப் பரவியது. சாதாரண வாடையல்ல, முழுத் திடலும் எங்களோடு வருகிற மாதிரி. புடவைக்கடை அம்மா மூக்கைப் பொத்தினார், பிறகு சேலைத் தலைப்பை வைத்துப் பார்த்தார், கடைசியில் பொறுக்க முடியாமல் எட்டிப் பரமசிவம் ஐயாவின் பக்கத்துச் சன்னலைத் திறக்கப் போனார்.

அவர் கண்ணாடியின் மேல் கையை வைத்து மறித்தார். சண்டைக்கு மறிக்கிற கையில்லை, கெஞ்சுகிற கை. "திறக்காதீங்கம்மா. எங்க மக வீட்டு வாசம், கண்டி மட்டுமாவது வரட்டும்."

கடலைக் காட்டுவதாகச் சொல்லித்தான் நாங்கள் ஆட்களை ஏற்றினோம். அவரவர் அங்கே வேறு எதைப் பார்த்துவிட்டு வந்திருந்தாலும் அதற்கு நிர்வாகம் பொறுப்பல்ல.