ஐஸ் சொன்ன சேதி

எங்கள் ஊரில் யார் வீட்டில் என்ன குழம்பு கொதிக்கிறது என்பது ஏரிக் காற்றிலேயே தெரிந்துவிடும். அப்படிப்பட்ட ஊரில் ஒரு தகவலைப் பூட்டி வைக்க நான் கிளம்பினேன். அதுவும் என்ன வேகத்தில்!

சித்தியும் அவளோடு ஏரியில் இறால் பிடிக்கிற பெண்களும் ஒரு குழு. பறி என்கிற ஓலைக் கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, தண்ணீருக்குள் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றைத் தடவித் தடவிப் பிடிக்கிற வேலை. பிடித்ததைக் கரையிலேயே வியாபாரியிடம் கொட்டிவிடுவார்கள். அவர் சொன்னதுதான் விலை. அதிலிருந்து ஒருமுறையாவது வெளியே வந்துவிட வேண்டும் என்பது சித்தியின் வைராக்கியம். நான் அனுப்பம்பட்டில் ரயிலேறிப் போய், சென்னையில் ஒரு ஓட்டலில் பேசி முடித்தேன். அவர்கள் வண்டி அனுப்புவார்கள். வருகிற அன்று ஐஸில் வைத்த இறாலால் பெட்டிகள் நிரம்பியிருக்க வேண்டும். பாதிப் பெட்டிக்கு வண்டி தொடர்ந்து வராது.

வண்டி வரும் நாளை முந்தின நாள்தான் எனக்குப் போனில் சொல்வார்கள். வியாபாரிக்குத் தெரிந்தால் அன்றைக்கு மட்டும் விலையை ஏற்றிச் சரக்கை வாங்கிவிடுவார். ஆகவே எல்லோருடைய போனையும் பிடுங்கி பேட்டர்ன் லாக் போட்டேன். வாட்ஸப் குழுவில் செய்திகள் தானாக அழியும்படி வைத்தேன். கல்லூரியில் தகவல் பாதுகாப்புக் கருத்தரங்கில் முன் வரிசையில் உட்கார்ந்தவள் நான்.

"இன்னாடி இது, என் போனை நானே தொறக்க முடியல" என்று சித்தி கத்தினாள்.

"அதான் சித்தி பாதுகாப்பு."

"யார்கிட்டேர்ந்து? என்கிட்டேர்ந்தா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

முதல் வண்டி வந்த அன்று காலையில், எங்களுக்கு முன்னாலேயே வியாபாரி கரையில் நின்றிருந்தார். என்றைக்கும் இல்லாத சிரிப்பு, என்றைக்கும் இல்லாத விலை. சிலர் அவரிடமே கொட்டிவிட்டார்கள். கையில் காசு கொடுக்கும்போது யாரைக் குறை சொல்வது? பெட்டி பாதிதான் நிரம்பியது. அடுத்த முறையும் அதேதான். வண்டி இல்லாத நாளில் பழைய விலை, பழைய முறைப்பு.

உள்ளேயிருந்து யாரோ சொல்கிறார்கள் என்றானது. வியாபாரியின் தெருவில் வாழ்க்கைப்பட்ட அக்கா ஒருத்தி குழுவில் இருந்தாள். எல்லோர் கண்ணும் அவள் மேல் போனது. சித்திதான் கேட்டாள். அந்த அக்கா போனை எடுத்து என் மடியில் போட்டாள்.

"பாரு. என் புள்ள போட்டோவும் கீது, அதையும் பாரு."

பார்த்தேன். ஒன்றுமில்லை.

"அழிச்சிருப்பா" என்றது ஒரு குரல். "தானா அழியறாப்பல இந்தப் பொண்ணுதானே வெச்சிக் குடுத்துச்சு."

அக்கா பறியை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். யாரும் கூப்பிடவில்லை. அடுத்த வண்டிக்கும் பெட்டி நிரம்பவில்லை. அதன்பின் ஓட்டலிலிருந்து போன் வரவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, உறவில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு ஜூஸ் போட ஐஸ் வாங்கப் போனேன். ஐஸ் கடை அண்ணன் உற்சாகமாகக் கேட்டார்.

"இன்னா பாப்பா, மறுபடியும் வண்டி வருதா?"

"எந்த வண்டி?"

"அட, நீங்க ஐஸ் கேட்டாலே வண்டிதானே! கரையில குடுத்துட்டுப் போறவங்களுக்கு மத்த நாள்ல ஐஸ் எதுக்கு? வியாபாரி இங்க டீ குடிச்சினே சிரிப்பாரு. 'நாளைக்கு நான் சீக்கிரம் எழுந்துக்கணும்'பாரு."

அவர் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. ஐஸை உடைத்துப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்.

சித்தி ஒவ்வொரு முறையும் முந்தின சாயங்காலமே தெருவில் நின்று, "தூளா உடைச்சு வைண்ணா, காலைல வர்றோம்" என்று கூவியது காதில் கேட்டது. பக்கத்தில் நான் நின்றிருந்தேன், பூட்டிய போனோடு. யாரும் யாருக்கும் எதையும் சொல்லவில்லை. ஐஸே வாங்காதவர்கள் அன்று வாங்கினார்கள், அவ்வளவுதான். தினமும் கொஞ்சம் ஐஸ் வாங்கி வீட்டு மூலையில் உருக விட்டிருந்தால் போதும், வண்டி எந்த நாள் என்று வியாபாரிக்குக் குழம்பியிருக்கும். இது இப்போது தோன்றுகிறது.

ஓட்டலுக்குப் போன் செய்தேன். வேறு ஊரில் பார்த்துக்கொண்டார்களாம்.

மறுநாள் சித்தியோடு கரைக்குப் போய் அந்த அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஈரப் புடவையைப் பிழிந்தபடி கேட்டுக்கொண்டாள்.

"அப்போ ஐஸுக்கும் ஒரு பூட்டு போட்டிருக்கணும் நீ" என்றாள்.

சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. திரும்பி, வியாபாரியின் தராசில் தன் இறாலைக் கொட்டினாள். சித்தியும் அவளுக்குப் பின்னால் போய், தன் பறியையும் அதே தராசில் கவிழ்த்தாள்.